அந்தியேட்டி தொடங்கி ஆட்டைத் திவசம் வரை: வளவுக்குள் சாவைப் படிக்கும் முறை

என் கணவர் போய் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. “இந்தக் கிணத்துத் தண்ணி ஏன் பக்கத்துக் கிணத்தை விடச் சுடுது?” என்றுதான் வாயில் வந்தது. ஏழு கிணறுகளும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கின்றன. சூடு மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. இராவணன் தன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்பார்கள், அதனால்தான் திருகோணமலைச் சனம் அந்தியேட்டிக்கு அங்கே போகிறது. மகன் ஈரத்துண்டோடு என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, இப்பவே உங்களுக்கு இந்தக் கேள்வி?” என்றான். ஐயர் காத்துக்கொண்டு நின்றார்.

பிறகு தேடி வாசித்தேன். இலங்கையில் எரிமலை இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் வெகு ஆழம் இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. எத்தனையோ காலத்துக்கு முன் பெய்த மழையில் அன்று நான் முழுகியிருக்கிறேன். அந்த மாதம் முழுக்க ஒரு சோற்றுப் பருக்கையிலும் விருப்பமில்லாமல் கிடந்தவளுக்கு முதன்முதல் பசி எடுத்தது இந்தக் கேள்வியில்தான். ஆறுதல் சொல்ல வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது பார்க்கிறதற்கு ஒரு வேலை.

நான் ஓய்வு பெற்ற மருத்துவமாது. முப்பத்தொரு வருடம் பிறப்புக்குப் பதிவேடு எழுதியவள். பிள்ளை எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று வயிற்றைத் தடவிச் சொல்லுவேன். மனிசர் போகிற விதம் எனக்குப் பாடத்தில் இருக்கவில்லை. ஆகவே அந்தியேட்டியில் இருந்து ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம் வரை பதினொரு மாதம், திருகோணமலை அலஸ்தோட்டத்தில் என் வீட்டு வளவுக்குள்ளேயே படித்தேன். கேட்ட இரண்டு மூன்று பேருக்கு வாயால் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். செத்த வீடு நடந்தவர்களுக்கு மட்டும் உரியது என்றில்லை. அறுபது தாண்டியவர்களுக்கும், ஆஸ்பத்திரி றிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் உதவும்.

இடம் பிடிப்பது

ஒரே ஒரு இடம் போதும். பாய் ஒன்று விரிக்கிற அளவு. நான் முதலில் பிழை விட்டேன். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைதான் பொருத்தம் என்று நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அங்கே கடல் அவ்வளவு வடிவு. வடிவான இடத்தில் ஒன்றும் படிக்கேலாது. அரைமணித்தியாலம் கழித்துப் பார்த்தால் படம் எடுக்கிற சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் போக்குவரத்தில் ஒரு நன்மை கிடைத்தது. கோட்டை வாசலில் நிற்கிற புள்ளிமான்கள். அதில் ஆண்மான் ஒவ்வொரு வருடமும் கொம்பை விழுத்துகிறது. வளருகிற காலத்தில் கொம்பின் மேல் மயிர்த்தோல் போர்த்து, உள்ளே இரத்தம் ஓடும். பிறகு தோல் உரிந்து, இரத்தம் நின்று, கொம்பு வெறும் எலும்பாகிவிடும். சண்டை பிடிப்பதும் பெட்டையைக் கவர்வதும் அந்தச் செத்த எலும்பை வைத்துத்தான். எங்கள் பக்கத்து மான்களுக்கு எல்லாம் ஒரே பருவம் என்றில்லை. ஒரே நாளில் மொட்டைத்தலை, மயிர்க்கொம்பு, முற்றின கொம்பு மூன்றையும் பார்க்கலாம். கொம்பு கிடந்தால் எடுத்துக்கொண்டு வராதீர்கள். மான்களுக்குப் பொலித்தீன் பையோடு சாப்பாடு எறிகிற வேலையும் வேண்டாம். பையையும் சேர்த்துச் சப்புகிறது.

கடற்கரையும் சரிவரும் இடம் அல்ல, எல்லோருக்கும். பக்கத்து வளவு மாமி 2004 மார்கழி 26க்குப் பிறகு கடலைப் பார்த்து இருந்ததில்லை. கடற்கரை அவவின் படலையில் இருந்து ஐந்து நிமிட நடை. “இயற்கை எல்லாத்தையும் படிப்பிக்கும்” என்று யாராவது அவவுக்குச் சொல்லிப் பார்க்கட்டும். அந்த அலை யாருக்கும் ஒன்றும் படிப்பிக்க வரவில்லை. அதில் பாடம் தேடுகிற ஆட்களோடு எனக்குக் கதை இல்லை. நோகிற இடத்தை விட்டுவிடுங்கள். மாமி தனக்குக் கிணற்றடி வாழைப்புட்டியைத் தெரிந்துகொண்டா. நான் சமையலறைக்குப் பின்னால், மாமரத்துக்கும் வேலிப் பூவரசுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலத்தை எடுத்தேன்.

நேரம்: வெயில் ஏற முன்பு, அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நடுப்பகலில் வெளியே இருப்பது முட்டாள்தனம். (எங்களுக்குக் கடலையும் கச்சான்தான், மேல்காற்றும் கச்சான்தான். ஒன்று வாயை நிரப்பும், மற்றது கண்ணை நிரப்பும்.) ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்ப் போத்தல், எண்பது பக்கக் கொப்பி, பேனை. கைப்பேசி வீட்டுக்குள் இருக்கட்டும். வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம்.

கொப்பியில் மூன்று பத்தி

கொப்பியை இரட்டைப் பக்கமாக விரித்து மூன்று பத்தி கீறுங்கள். திகதி. விழுந்தது அல்லது செத்தது. அதற்கு யார் வந்தது. பிரசவப் பதிவேட்டுப் பழக்கம்தான், வேறொன்றுமில்லை. மூன்றாவது பத்தியை விடவே கூடாது, முழு விசயமும் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் மனநிலையை எழுதாதீர்கள். “இன்று வெறுமை” என்று எழுதுகிற கொப்பி பத்தாம் நாள் அலுமாரிக்குள் போய்விடும். “செத்த ஓணான். செவ்வெறும்பு, பிறகு இலையான், மறுநாள் காகம்” என்று எழுதுகிற கொப்பியை நாளைக்கும் திறக்கச் சொல்லும். நாளைக்கு யார் வருவது என்று தெரிய வேண்டுமே.

என் முதல் பக்கம் முழுக்க மாம்பூ. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்காகப் பூ, சிலவேளை ஆயிரத்துக்கு மேல். காயாகி நிற்பது ஒன்றோ இரண்டோ. பிஞ்சிலும் பாதி விழும். கொட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் வந்த தாய்மார் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்றாம் மாதத்தில் கலைந்துபோய், “மிஸ், நான் என்ன பிழை விட்டனான்?” என்று கேட்டவர்கள். “நீங்கள் ஒரு பிழையும் விடேல்ல” என்று சொல்லி, இரும்புச்சத்துக் குளிசையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மாமரத்தைக் காட்டி ஆறுதல் சொல்லியிருப்பேனா? மாட்டேன், அது கொடுமை. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்திருப்பேன். அன்று கிளினிக் வரிசை நீளம் என்று எழும்பிவிட்டேன். மாம்பூவைப் பற்றி எழுதத் தொடங்கிய பக்கத்தில் கடைசியில் இரண்டு பேருடைய பெயரைக் குறித்தேன். ஒருத்தி இன்னும் சாம்பல்தீவில் இருக்கிறா, போய்ப் பார்த்தேன். பழைய கதை ஒன்றும் கதைக்கவில்லை. தேத்தண்ணி குடித்தோம், மூத்தவளின் கலியாண அல்பத்தைக் காட்டினா.

பார்க்கிறதோடு நிற்காமல், அது யாரை ஞாபகப்படுத்துகிறதோ அந்த வாரமே அவரிடம் போங்கள். கொப்பியின் வேலை அதுதான்.

இலைக் கிடங்கு

எங்கள் ஊரில் பின்னேரம் ஆனால் கூட்டிக் குவித்த இலைக்கு நெருப்பு வைப்பது வழக்கம். என் மனிசனும் அப்படித்தான். அந்தப் புகை மணத்தை நான் தேடியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு வருடம் எரிக்காதீர்கள்.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டுங்கள். காய்ந்த இலை ஒரு சாண் உயரம், அதன்மேல் மரக்கறித் தோலும் பச்சைப் புல்லுமாக நாலு விரல், அதன்மேல் சாணிக் கரைசல். திரும்பவும் காய்ந்த இலை. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் விழ வேண்டும். கூடினால் நாறும், குறைந்தால் கச்சான் காற்று காய வைத்து அப்படியே சருகாகக் கிடக்கும். திருகோணமலை வெயிலுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, தென்னோலையால் மூடிவிட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டுங்கள். மீன் தலையைப் போடாதீர்கள், தெருநாய் முழுவதையும் கிளறிவிடும். அதைத் தனியாக ஒரு முழ ஆழத்தில், வாழைக்குப் பக்கத்தில் தாட்டுவிடலாம்.

நாலாம், ஐந்தாம் நாளில் நடுக்கிடங்கு சுடத் தொடங்கும். நான் நம்பாமல், பழைய கைப்பையில் கிடந்த காய்ச்சல் பார்க்கிற தேர்மோமீற்றரை உள்ளே விட்டேன். 42 பாகை வரைதான் அதில் கோடு இருக்கிறது. இரசம் விறுவிறென்று ஏறி உச்சியில் போய் முட்டி நின்றது. வெடிக்காதது என் நல்ல காலம். இரசம் உள்ள சாமானை யாரும் இப்படிச் செய்யக் கூடாது. அதற்குப் பதிலாக ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பத்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கன்னியாத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளிக்க முடிகிறது. இந்தக் கம்பியை என்னால் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அந்த இலையைச் சாப்பிட்டு மூச்சு விடுகின்றன. நம் உடம்புச் சூடும் அதே மாதிரித்தான் உண்டாகிறது. அவர் போன அன்று விடிய நான் தொட்ட கை குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் ஏழு மாதமாக என் விரலில் இருந்தது. கம்பியைத் தொட்ட அன்று அது போய்விட்டது என்று எழுதினால் பொய். இப்போது இரண்டும் இருக்கின்றன.

மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை மண் மணத்தோடு பசளை தயார்.

செத்ததைப் பார்ப்பது, பார்க்காமல் விடுவது

இதை எல்லோருக்கும் சொல்லமாட்டேன். துக்கம் புதிது என்றால் முதல் மூன்று மாதம் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், “நான் இருந்து என்ன” என்கிற யோசனை வந்துகொண்டிருந்தால், முக்காலியைத் தூக்கி வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள். 1926க்கு எடுத்தால் அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம். இலைக் கிடங்கு மருந்து அல்ல.

தாங்கும் என்று தெரிந்தவர்கள், செத்த காகம், பேத்தை மீன், பல்லி எதையாவது தொடாமல், தள்ளி இருந்து, தினம் ஒருமுறை பாருங்கள். முதலில் இலையான் வரும். ஆறுதலாக அல்ல, நிமிடக் கணக்கில். பிறகு புழு, வண்டு. கரையில் என்றால் இரவில் நண்டு. ஒரு கிழமையில் எலும்பும் இறகும் மிஞ்சும். ஆளுக்கு ஆள் எவ்வளவு நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்று குறியுங்கள். எங்கள் செத்த வீட்டுக்குக் கதிரை கொண்டுவந்து இறக்கிய பெடியள் கூட அவ்வளவு கெதியாக வரவில்லை.

ஈசல் இறகு

அவருடைய நினைவுமலரில் யாரோ ‘ஈசல் போன்ற ஒரு நாள் வாழ்வு’ என்று எழுதியிருந்தார்கள். அச்சடிக்க முன்பு என்னிடம் காட்டவில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட அன்று, முன் விறாந்தை மின்குமிழைச் சுற்றி ஈசல் வந்தது. அவர் இருந்தால் குமிழுக்குக் கீழே பேசினில் தண்ணீர் வைப்பார், அதற்குள் விழுந்து சாகட்டும் என்று. நான் வைக்கவில்லை. முக்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீங்களும் அந்த ஒரு இரவு நித்திரையை விடுங்கள், வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் கிடைக்கும்.

பெரும்பாலானவை செத்துத்தான் போகின்றன. பல்லி பிடிக்கிறது, தவளை பிடிக்கிறது, விடியக் கோழியும் காகமும் மிச்சத்தை முடிக்கின்றன. ஆனால் கவனித்துப் பாருங்கள், சில கீழே இறங்கி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, இறகை உதிர்த்துவிட்டு நடக்கும். முன்னால் பெண், அதன் வாலோடு ஒட்டினாற்போல் ஆண். இரண்டும் மண் வெடிப்பொன்றுக்குள் இறங்கிவிடும். ஈசல் என்பது கறையானின் இறகு முளைத்த பருவம்தான். அந்தச் சோடியில் தப்புவதுதான் புதுப் புற்றுக்கு இராசாவும் இராணியும். இராணி பத்து வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடும். நாங்கள் காலையில் கூட்டி அள்ளுகிற இறகுகளில் எல்லாமே பிணத்தின் இறகு அல்ல. ஒரு இரவு வேலைக்கு வந்ததை, வேலை முடிந்ததும் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

அடுத்த நாள் ஈர்க்குமாறால் இறகைக் கூட்டும்போது எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. இந்தப் பூச்சிக்குத் தன் சாமானை எங்கே விடுவது என்று தெரிகிறது. காணி உறுதியை எங்கே வைத்தார் என்று என் மனிசன் யாருக்கும் சொல்லவில்லை! நாற்பது நாள் தேடி, பழைய பஞ்சாங்கக் கட்டுக்குள் இருந்து எடுத்தோம். ஆகவே ஈசல் வந்த கிழமையில் இதைச் செய்யுங்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, ஓய்வூதியக் கடிதம், பாங்குப் புத்தகம் எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள். ரின் இருக்கிற இடம் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும், ஒருவர் உங்களை விட இருபது வயதாவது குறைந்தவராக இருக்கட்டும். செத்த வீட்டில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை ஒரு தாளில் எழுதி அதே ரின்னுக்குள் வையுங்கள். என் தாளில் முதல் வரி: நினைவுமலர் அடித்தால் ஈசலை இழுக்கக் கூடாது.

பழம் வருகிற கிழமையில்

இதுதான் எனக்குப் பிந்தி விளங்கியது. நாற்பது வருடம் திருகோணமலையில் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் புறாத்தீவுக்குப் போனதில்லை. நிலாவெளியில் இருந்து படகில் ஒரு கிலோமீற்றர் தூரம். அவர் ஒவ்வொரு கோடையும் கேட்பார். எனக்கு டியூட்டி, அல்லது பிள்ளைக்குச் சோதனை, அல்லது “அடுத்த கச்சானுக்குப் பாப்பம்”. கச்சான் வருடா வருடம் வந்தது, அதில் பிழையில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உங்கள் ஊரின் பருவங்களை எழுதுங்கள். இங்கே என்றால்: கோடையில் காட்டுக்குள் பாலைப்பழம், வீரைப்பழம். கரைவலை இழுப்பு. கடல் அமைதியான மாதங்களில் துறைமுகத்துக்கு வெளியே திமிங்கிலம். ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே தொடங்குவதால் நீலத்திமிங்கிலம் கூடத் தென்படும். மாரியில் ஈசல், குளம் நிரம்புவது, வான் பாய்வது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோடு என்று ஒரு பெயர் போடுங்கள். பழம் வீதிக்கு வந்த கிழமையே போக வேண்டும். பாலைப்பழம் காத்திருக்காது, பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கச் சாப்பிடுகிற சந்தோசம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஆவணியில் மகளோடு புறாத்தீவுக்குப் போனேன். எனக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். ஒரு பக்கத்துக் கரை முழுக்கச் செத்த முருகைக்கல், விரல் விரலாக. மறுபக்கம் வெள்ளை மணல். “அன்ரி, இந்த மணல் கனக்க கிளிமீன் கழிச்சது” என்றார் படகுக்காரத் தம்பி. பகிடி என்று நினைத்தேன். உண்மைதான், முருகைக்கல்லைக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கிறது. ஒரு துண்டு முருகைக்கல்லும் எடுத்துவரக் கூடாது, அது 2003 முதல் தேசியப் பூங்கா. அவர் கேட்ட இடத்தில் நான் நின்றேன். வடிவாகத்தான் இருந்தது. கோபமும் வந்தது, என்மேல்.

கடைசி வேலை: பனங்கொட்டை

பிந்திப்போனாலும் புரட்டாதிக்குள் பனங்கொட்டை இருபது பொறுக்குங்கள். மழை தொடங்க முன்பு, கிளறிய மண்ணில் நெருக்கமாக அடுக்கி, மேலே நாலு விரல் மண் போடுங்கள். முளை முதலில் மேலே வராது, கீழேதான் இறங்கும். தை, மாசியில் கிண்டினால் பனங்கிழங்கு. பதினைந்தைக் கிண்டி அவித்து, மிளகும் உப்பும் உள்ளியும் இடித்துத் தொட்டுச் சாப்பிடுங்கள். ஐந்தைத் தொடாமல் விடுங்கள்.

அந்த ஐந்தும் பூக்கப் பதினைந்து, இருபது வருடம் செல்லும். பூத்தால்தான் ஆண்பனையா பெண்பனையா என்று தெரியும். அதுவரை எந்த ஸ்கானுக்கும் பிடிபடாது. எனக்கு இப்போது அறுபத்திரண்டு. கணக்கை நீங்களே பாருங்கள். வேலியோரம், வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் தள்ளி வையுங்கள், பிறகு வருகிறவர்கள் திட்டக் கூடாது. ஆடு மாட்டுக்கு முதல் மூன்று வருடம் முள்ளு அடைக்க வேண்டும்.

ஆட்டைத் திவசத்துக்குப் படையலில் அந்தக் கிழங்கும் இருந்தது. அவருக்குப் பனங்கிழங்கு அவ்வளவு விருப்பமில்லை, நார் பல்லுக்குள் போகிறது என்பார். நான்தான் நாலு சாப்பிட்டேன்.

கொட்டை வேண்டியவர்கள் ஆவணி கடைசியில் வாருங்கள். ஒழுங்கை முடிவில் மூன்று பனை நிற்கிற வளவு. சாக்கு நீங்கள் கொண்டுவர வேண்டும், போன முறை கொடுத்த இரண்டு சாக்கும் இன்னும் திரும்பி வரவில்லை.